டிராஸ்ல வந்த தலைவலி அப்பீல்ல இல்ல

பட்டாளத்துலருந்து வந்தவங்களுக்கு டிசபிலிட்டி பென்ஷன் அப்பீல் டைப் பண்ணிக் குடுக்கறவ நான். பிபி கேஸ்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது போஸ்டிங் லிஸ்ட்தான். எந்த வருஷம் எங்க இருந்தீங்க, பிபின்னு முதல்ல எந்த ஊர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில எழுதினாங்க, இது ரெண்டும் தெரிஞ்சா பாதி கேஸ் தெரிஞ்ச மாதிரி. பட்டாளத்த விட்டு வெளிய வரும்போது பாக்கற ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர்ல பிரைமரி ஹைப்பர்டென்ஷன் (வேற வியாதியால வராத பிபி), 30 சதவீதம், ஆயுசுக்கும்னு போட்டிருப்பாங்க, கூடவே சர்வீஸால வந்ததும் இல்ல சர்வீஸால அதிகமானதும் இல்லன்னு போட்டிருப்பாங்க, அந்த ஒரு வரியில டிசபிலிட்டி எலிமெண்ட், அதாவது பென்ஷனோட சேர்ற ஊனத்துக்கான பங்கு, போயிடும்.

கணியம்பாடி பக்கத்து ஹவில்தார் அண்ணன் கேஸும் அப்படித்தான். கார்கில் பக்கம் மலைமேல இருக்கற டிராஸ்ல இருந்துட்டு செகந்திராபாத் வந்திருக்காரு, வந்த பிறகு வருஷாந்திர மெடிக்கல்ல பிபி அதிகம்னு புடிச்சிருக்காங்க. மெடிக்கல் ஆபீசர்களுக்கான 2002 வழிகாட்டி புத்தகத்துல (2023ல புது விதி வந்துச்சு, அதுக்கு முந்தி வெளிய வந்தவங்களுக்கு இதான்) 43வது பாரா இருக்கு, ஃபீல்டு ஏரியா, ஹை ஆல்டிட்யூட், தீவிரவாத எதிர்ப்பு டூட்டி, கப்பல்ல ரொம்ப நாள், இந்த மாதிரி இடத்துல இருக்கும்போது பிபி வந்தா சர்வீஸால அதிகமாச்சுன்னு எடுத்துக்கணும். செகந்திராபாத் பீஸ் ஸ்டேஷன், இந்த லிஸ்ட்ல வராத சாதாரண ஊர். அவ்ளோதான், முடிச்சிட்டாங்க. பத்தாயிரம் அடிக்கு மேல இருந்தப்ப ஆரம்பிச்சு கீழ இறங்கின பிறகு கண்டுபிடிச்சா என்ன பண்றது, அதுக்கு பேப்பர்ல இடமே இல்ல.

அப்பீல் டைப் பண்ணும்போது அவரு சொன்னாரு, "இத எழுதுமா, டிராஸ்லயே எனக்கு தலைவலி வந்துச்சு. காலைல எழுந்தா பின்மண்ட அப்படியே புடிச்சிக்கும். யூனிட்ல டாக்டர் பாக்கற எம்ஐ ரூமுக்குப் போனா பிபி பாப்பாங்க, பாத்தா ஃபிட் இல்லன்னு கேட்டகிரி பண்ணிடுவாங்க, நாயப் சுபேதார் ஆவ முடியாது. அதனால சொல்லல. அத்த எழுது."

நான் சொன்னேன், "அண்ணா, அத எழுதினா நீங்களே மறைச்சத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"மறைச்சன்தான். மறைச்சிக்கினு டூட்டி பாத்தன். டூட்டிய உட்டுட்டு வந்தனா?"

நான் பேசாம இருந்தேன். அவரே மறுபடியும், "அப்ப நடந்தத எழுதக்கூடாதுன்ற"ன்னாரு. கோவமா சொல்லல, நெசமாவே தெரிஞ்சிக்கிறதுக்காக கேட்டாரு. எழுதக்கூடாதுன்னு இல்லண்ணா, தேவயில்லன்றேன்னு சொன்னேன். அவரு தலைய ஆட்டிட்டு, படிக்காமயே ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டாரு.

நான் சொன்னதுக்கு காரணம் இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. 2013ல தரம்வீர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பட்டாளத்துல சேரும்போது ஃபிட்டுன்னு எடுத்திருந்து வியாதி பத்தி எதுவும் குறிக்கலன்னா அப்புறம் வந்ததுக்கு சர்வீஸ்தான் காரணம்னு வச்சிக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது சர்க்கார், சந்தேகம் இருந்தா அதோட பலன் சிப்பாய்க்கு. போர்டும் ஏன் இல்லன்னு காரணம் எழுதணும், சும்மா இல்லன்னு போட்டா ஆகாது. அவரு பேப்பர்ல காரணம்னு இருந்தது பீஸ் ஸ்டேஷன்ங்கறது மட்டும்தான். அதனால சேரும்போது ஃபிட், இத்தன வருஷ சர்வீஸ், நடுவுல டிராஸ், இது போதும், ஸ்ட்ராங்கான கேஸ். தலைவலிக்கு ஒரு சீட்டு கூட கிடையாது. சீட்டே இல்லாத ஒண்ண எழுதி, எதிர்ல இருக்கறவங்க இவரே வியாதிய மறைச்சாரு, வைத்தியம் பாக்கலன்னு திருப்பி அடிக்க நாமளே வழி பண்ணிக் குடுக்கணுமா? பட்டாளத்துக்காரங்க பேப்பரோடவே பழகினவ நான், இத அவருக்காகத்தான் சொன்னேன்.

ஆனா ராத்திரில யோசிக்கும்போது வேற ஒண்ணு தோணுது. 43வது பாரா கேக்கறதே எங்க ஆரம்பிச்சதுன்னுதான். அதுக்கு பதில் தெரிஞ்ச ஒரே ஆளு அவரு, அவரு பதில் சொன்னாரு, நான் எடுத்து வெளிய வச்சிட்டேன். அண்ணி கூட அன்னிக்கு உக்காந்திருந்தாங்க, "லீவுல வந்தா நெத்தியப் புடிச்சிக்கினு உக்காந்திருப்பாரு, சுக்கு அரைச்சி பத்து போட்டா எதுவும் கேக்காது"ன்னாங்க. அத அப்ப காதுல வாங்கினேன், அஃபிடவிட்டா வாங்கல. சாட்சியா எடுத்துக்குவாங்களான்றது வேற கேள்வி, ஆனா ஃபைல்ல இருந்திருக்கும்ல.

முதல் அப்பீல் தள்ளுபடி ஆயிடுச்சு. லெட்டர்ல அதே வரிதான், பீஸ் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சது. எழுதியிருந்தா மட்டும் ஒத்துக்கிட்டிருப்பாங்களான்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கறேன், பிபி கேஸ்ல முதல் அப்பீல்லயே ஜெயிச்சவங்க என் கைல வந்ததில்ல, பெரும்பாலும் சென்னையில இருக்கற பட்டாளத்துக்காரங்க ட்ரிப்யூனல் போய்தான் கிடைக்குது. அங்க ஜெயிச்சா 2014 ராம் அவதார் தீர்ப்புப்படி 30 சதவீதம் 50ஆ ஆகும். கடைசி சம்பளம் நாப்பதாயிரம்னு வச்சா மாசம் 3,600க்கு பதிலா 6,000 ரூபா. அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன காசு இல்ல, நான் அந்தக் காசத்தான் பாத்தேன். அவரு வேற எதயோ பாத்தாரு. காசு வேணான்னு சொல்லல, ஆனா வலியோட நின்னேன்னு சர்க்காருக்கு அனுப்பற பேப்பர்ல ஒரு எடத்துலயாவது இருக்கணும்னு நெனச்சிருக்காரு போல. இது நானா நெனச்சிக்கறது, அவரு அப்படி சொல்லல.

இதுல இன்னொண்ணும் உறுத்துது. லீவுல வர்ற சின்னப் பசங்க ஏதாவது ஃபார்ம் டைப் பண்ண வருவாங்க, அவங்ககிட்ட இப்பல்லாம் நானே வலிய போய் சொல்றேன், தலை சுத்துனாலும் எம்ஐ ரூமுக்குப் போ, பேப்பர்ல ஏத்து, பின்னாடி அதான் நிக்கும். போன மாசம் ஒரு பையன், "கேட்டகிரி ஆச்சுன்னா ப்ரமோஷன் நீ வாங்கித் தருவியாக்கா?"ன்னான். அண்ணன்கிட்ட எழுதாதீங்கன்னு சொன்ன அதே வாய் இவன்கிட்ட எழுதி வையின்னுது. ரெண்டுமே சரிதான்னு வாதாட முடியும் என்னால, வாதாடி எனக்கே போதலன்றதுதான் பிரச்சனை.

ரெண்டாவது அப்பீலுக்கு அண்ணன் அடுத்த வாரம் வர்றாரு. இந்த வாட்டி ஒவ்வொரு பாராவா வாசிச்சி காட்டிட்டுதான் கையெழுத்து வாங்கணும்னு இருக்கேன். டிராஸ் தலைவலிய எழுதுன்னு மறுபடியும் சொன்னாருன்னா எழுதிடறேன், அண்ணியோட வாக்குமூலத்தையும் சேத்து. அப்புறம் சென்னை வக்கீல் பாத்துட்டு அடிச்சாருன்னா அடிக்கட்டும். இன்னிக்கு இப்படித்தான் தோணுது, அந்தத் தள்ளுபடி லெட்டர இன்னொரு தடவ எடுத்துப் படிச்சா மாறிடுமோ என்னவோ.