இரண்டாம் நாளுக்கு ‘நல்லது’ இல்லை

ஜூலை 23, 2025, புதன்
போகோனோ மலைப்பகுதி, பென்சில்வேனியா

என்னிடம் வந்திருக்கும் குழுவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். யூதக் கோடை முகாமின் இரண்டாம் பருவம் நேற்றுத் தொடங்கியது. இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் படைப்பு. யூதர்களின் புனித நூலான தோராவின் தொடக்கத்தில் வரும் ஏழு நாட்களையும் பிள்ளைகள் வண்ணத்திலும் களிமண்ணிலும் செய்து பார்க்க வேண்டும். அந்தச் சாக்கில் மனத்தில் இருப்பதையும் பேசப் பழக வேண்டும். நான் யூதர் அல்ல. மண்பாண்ட வேலை தெரியும் என்பதால் கோடைக்கு மட்டும் அமர்த்தியிருக்கிறார்கள். தோரா பக்கத்தை, ராபி, அதாவது யூத மதகுரு, ஆவதற்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

உணர்வுகளுக்கென்று அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. சிரிக்கும் முகம், அழும் முகம், கோபமான முகம். இன்றைக்கு நீ எந்த முகம் என்று பிள்ளை தொட்டுக் காட்ட வேண்டும். ஒருவர் விடாமல் சிரிக்கும் முகத்தைத் தொட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்? சுற்றி நிற்பவர்கள் எல்லாம் நேற்று அறிமுகமானவர்கள். அட்டையை அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இரண்டாம் நாள்: கீழே இருக்கும் நீரையும் மேலே இருக்கும் நீரையும் பிரிப்பது. நீலம் பூசிய ஈரத்தாளை நடுவில் கிழித்து, இடைவெளி விட்டு ஒட்டச் சொன்னேன். கிழிப்பது என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்!

பிறகு ராபி மாணவி அதிகாரத்தை வாசித்தார். ‘நல்லது’ என்று வரும் இடங்களில் கைதட்ட வேண்டும். இரண்டாம் நாள் முடிந்தும் கைதட்டல் வரவில்லை. மூன்றாம் நாளில் இரண்டு முறை வந்தது. எல்லோரும் விழித்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிறந்த உரையாசிரியர் ராஷி இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்: நீர் பற்றிய வேலை மூன்றாம் நாளில்தான் முடிந்தது, முடியாத வேலையை நல்லது என்று சொல்வதில்லை. அவருக்கும் முந்தைய விளக்கத் தொகுப்பான ‘பெரேஷித் ரப்பா’ தரும் விளக்கங்களுள் ஒன்று, பிரிவு என்பது அன்றுதான் உண்டாயிற்று என்பது.

“அப்படியானால் பிரிப்பது நல்லதில்லை என்று கடவுளுக்கே தெரியுமா?” என்றான் ஒரு பையன்.

காலையில் ரொட்டியைத் தொடாத சிறுமி ஒருத்தி, தாளை ஒட்டிக்கொண்டே, “எனக்கு இன்னும் இரண்டாம் நாள்தான்” என்றாள்.

ராபி மாணவி ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று தொடங்குவாரோ என்று பயந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மாலைக்குள் அந்தச் சொல் குழு முழுவதும் பரவிவிட்டது. வீட்டு ஏக்கம் வந்தவர்கள் எல்லோருக்கும் ‘இரண்டாம் நாள்’. இங்கே பிள்ளைகளுக்குக் கைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான். இன்றைய தபால் பை கனமாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

மதியத்தோடு ஓவியக் கொட்டகையைப் பூட்டிவிட்டோம். படைப்புக் கதையில் மாலை முதலில் வந்து காலை பிறகு வருகிறது. அதனால் வாராந்தர ஓய்வு நாளான ஷபாத் இன்று சூரியன் மறையும்போதே தொடங்குகிறது. அன்று விலக்க வேண்டிய வேலைகள் 39. பிசைவது, சாயம் தோய்ப்பது, எழுதுவது, கிழிப்பது எல்லாம் அதில் அடக்கம். என் தொழில் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! பிள்ளைகள் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். பின்னல் ரொட்டியான ஹல்லா இன்று நன்றாக வெந்திருந்தது.

ஜூலை 28, திங்கள்

சனிக்கிழமை யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் பிறந்தது. எருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்துக்கான ஒன்பது நாட்கள் இவை. வாரநாட்களில் சமையலறையில் இறைச்சி இல்லை. மூன்று வேளையும் பாஸ்தாவைக் கண்டு முணுமுணுக்கிறார்கள்.

இன்று நான்காம் நாள் பாடம்: சூரியனும் நிலாவும் உண்டான நாள். யூத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதில் நிலாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. சூரியனும் நிலாவும் முதலில் சம அளவில் இருந்தன. “இரண்டு அரசர்கள் ஒரே மகுடத்தைச் சூட முடியுமா?” என்று நிலா கேட்டது. “நீ போய் உன்னைக் குறைத்துக்கொள்” என்றார் கடவுள். நியாயத்தைச் சொன்னதற்கா தண்டனை என்று நிலா வாதாடியது. அவர் சொன்ன எந்தச் சமாதானத்தையும் அது ஏற்கவில்லை. கடைசியில் கடவுள், “நிலாவைக் குறைத்ததற்காக என் பொருட்டுப் பரிகார பலி கொண்டுவாருங்கள்” என்கிறார்.

கொட்டகையில் ரகளை. “கடவுள் மன்னிப்புக் கேட்டாரா?” என்று ஒரு பக்கம். “நிலா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்” என்று இன்னொரு பக்கம். இதுவரை வாய் திறக்காத பையன் ஒருவன், “எங்கள் வீட்டில் பாப்பா பிறந்த பிறகு நான்தான் நிலா” என்றான். அவனுக்கு எதிரே இருந்தவள், தானும் தன் அக்காவால் நிலா ஆனவள் என்றாள். அட்டை பிடித்துக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? பொறாமை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவே இல்லை. நிலாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

வட்டமான களிமண் தகடுகளில் நிலா செய்தார்கள். பெரும்பாலான நிலாக்களுக்குக் கோப முகம். இரவு உணவுக்குப் பிறகு மேற்கே மெல்லிய பிறை தெரிந்தது. “இன்னும் கோபம் தீரவில்லை!” என்று யாரோ கத்தினார்கள்.

ஜூலை 30, புதன்

மண்ணிலிருந்து மனிதன். உள்ளே குடையாமல் தடிமனாக விட்டால் சூளையில் வெடிக்கும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். ‘மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல’ என்ற வரி வந்ததும், தோராவில் முதல் ‘நல்லதல்ல’ இதுதான் என்று ராபி மாணவி சுட்டிக்காட்டினார். உடனே பாதிப் பேர் இரண்டாவது ஆளுக்கும் களிமண் கேட்டார்கள். கையிருப்பு குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று ஷபாத் முடிந்த கையோடு திஷா பாவ் தொடங்கியது, கி.மு. 586இலும் கி.பி. 70இலும் ஆலயங்கள் இடிந்ததை நினைக்கும் உபவாச நாள். வாரந்தோறும் ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தலாவில் திராட்சை ரசம், வாசனைப் பொருள், பின்னல் மெழுகுவத்தி மூன்றும் இருக்கும். நேற்று மெழுகுவத்தி மட்டும்தான். துக்கத்தில் வாசனை கிடையாது. ரசம் இன்று இரவுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

நெருப்பின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார் ராபி மாணவி. முதல் ஷபாத்தின் ஒளி 36 மணி நேரம் மறையவில்லையாம். பிறகு வந்த இருட்டில் ஆதாம் நடுங்கினான். கடவுள் இரண்டு கற்களைக் கிடைக்கச் செய்தார். அவன் உரசி நெருப்பு உண்டாக்கினான். பிறகு எல்லோரும் தரையில் அமர்ந்து, எருசலேமின் அழிவுக்காக அழும் புலம்பல் நூலைக் கேட்டார்கள். வீட்டுக்கு எழுதத் தோன்றுகிறது என்று சிலர் அழுதார்கள்; யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு உபவாசம் கட்டாயமில்லை. ஆனாலும் ஒன்பது வயது வீரன் ஒருவன் பத்து மணி வரை தாக்குப்பிடித்துவிட்டு மூன்று கிண்ணம் தானியம் சாப்பிட்டான்.

நாளை ஏழாம் நாள் பாடம். ஓய்வைக் களிமண்ணில் எப்படிச் செய்வது? கொட்டகையைப் பூட்டிவிட்டுப் புல்லில் படுக்கலாம் என்கிறார் ராபி மாணவி. எனக்குச் சம்மதம்தான். ஆனால் வியாழன் இரவு சுட்ட நிலாக்கள் இன்னும் சூளைக்குள் கிடக்கின்றன, பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். ஒன்பது மணிக்குச் சூளை, அதன் பிறகு புல் என்று முடிவாகியிருக்கிறது.