கணினிப் பிரிவு அண்ணனுக்கு நன்றி

மஞ்சள் பயிரில் வரும் இலைப்புள்ளி நோய்தான் என் ஆய்வு. கொடுமுடி, சிவகிரிப் பக்கம் காடு காடாக நடந்து எடுத்த படங்கள் மொத்தமும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. போன மாதம் அது திறக்கவே இல்லை. பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுக்கு அழுதுகொண்டே ஓடினேன்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்கு இன்னொரு காப்பி எங்கீங்க?" என்றார் அங்கிருந்த அண்ணன். என்னிடம் பதில் இல்லை.

2 நாள் கூடவே உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டார். அப்புறம் 3-2-1 கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்: 3 பிரதி, 2 வகைச் சாதனம், அதில் 1 வேறு இடத்தில். சர்வரில் இடம் ஒதுக்கித் தந்தார். முதல் வருடமே அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று படங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை இருவரும் சேர்ந்து எழுதினோம்: ஊர், காடு, தேதி, இலை எண். நாளைக் காலை அவரும் கொடுமுடிக்கு வருகிறார், இலையை நேரில் பார்க்க.