இடமில்லை என்று சொல்லாத பள்ளி

பர்மாவின் சிரியத்தில் (இன்றைய தன்லின்) நாம் படித்த தமிழ்ப் பள்ளியைப் பற்றி நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறேன். சிரியம் என்றாலே பர்மாத் தமிழர்களான நம்மவர்களுக்கு எண்ணெய்தான். வரலாறு படித்தவர்கள் போர்த்துக்கீசியர் காலத்தைச் சொல்வார்கள், 1613-இல் கழுவேற்றப்பட்ட போர்த்துக்கீசியத் தலைவன் டி பிரிட்டோவின் கதையைச் சொல்வார்கள். நமக்கு அந்த ஊர் பி.ஓ.சி.யில் தொடங்குகிறது. 1886-இல் கிளாஸ்கோவில் ஆரம்பித்த பர்மா ஆயில் கம்பெனி, இரங்கூனுக்கு அக்கரையில் சிரியத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்தது. 1909-இல் யெனான்ஜாங் கிணறுகளிலிருந்து 275 மைல் நீளக் குழாய் வந்து சேர்ந்த பிறகு, ஊரே ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்கு உலை வைத்தது. வடக்கே கிணற்றுப் பக்கம் பர்மியர்கள் அதிகம். இங்கே எண்ணெய் காய்ச்சும் இடத்தில் நம் ஆட்கள் அதிகம். பர்மா எண்ணெயில் மெழுகு கூடுதல் என்பதால் மண்ணெண்ணெயோடு மெழுகுவர்த்தியும் சிரியத்தின் சரக்காக இருந்தது.

1942 மார்ச்சில், ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று வெள்ளைக்காரர்களே ஆலையை அழித்துவிட்டுப் புறப்பட்டார்கள். நடந்தே அசாமுக்குப் போனவர்களில் எங்கள் பெரியப்பா குடும்பமும் உண்டு. போருக்கு முந்திய நம் பள்ளியின் பதிவேடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். 1954-இல் அரசாங்கமும் கம்பெனியும் கூட்டாக நடத்துவது என்று ஆகி, எண்ணெய்த் தொழில் மறுபடி தலைதூக்கிய சமயம். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் வந்து குவிந்ததற்கு ஆலை மட்டும் காரணமில்லை. 1948-இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்து செட்டியார்களின் வயல்கள் கைமாறத் தொடங்கின. 1948, 49-இலிருந்து உள்நாட்டுக் கலகம். டெல்டாக் கிராமங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே பிழைப்பும் போயிற்று, பாதுகாப்பும் போயிற்று. 1947-இன் குடியேற்றச் சட்டத்தால் தமிழ்நாட்டிலிருந்து புது ஆட்கள் வருவதும் சுருங்கிப்போனது. ஆகவே ஆலைக்கு வந்தவர்கள் பர்மாவுக்குள்ளிருந்தே வந்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். முன்பு மேஸ்திரி கூட்டிவந்து பாரக்கில் தங்க வைத்தவர்கள் தனி ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள் தஞ்சாவூரிலோ இராமநாதபுரத்திலோ படித்தார்கள். இப்போது லைன் வீடு ஒவ்வொன்றிலும் நாலைந்து குழந்தைகள். ஆலை புது ஆட்களை எடுத்த ஒவ்வொரு முறையும் அடுத்த வாரமே பள்ளி வாசலில் அம்மாக்கள் நிற்பார்கள்.

காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் இன்னொரு பள்ளி என்று ஒரே கட்டடத்தில் நடத்தினார்கள். பகல் சங்கு ஊதியதும் காலைப் பிள்ளைகள் ஒரு வாசல் வழியாக வெளியேற, நாங்கள் மறு வாசலில் வரிசையாக நிற்போம். பெஞ்சுப் பலகையில் அவர்கள் உட்கார்ந்த சூடு இருக்கும். கரும்பலகை ஒன்றுதான், அதன் மேல் பாதியில் பர்மிய சயாமா (ஆசிரியை) காலையில் எழுதிப்போட்ட எழுத்துகள் அழியாமல் இருக்கும். மறுநாள் காலையிலும் அது வேண்டும் என்பதால் எங்கள் தமிழாசிரியர் கீழ்ப்பாதியில் மட்டும் குனிந்து எழுதுவார். அவருக்கு முதுகு வலி இருந்தது. ஆனாலும் ஒரு நாள்கூட மேல் பாதியில் அவர் கை வைத்ததில்லை. நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே நான் கற்ற தமிழில்தான் இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் தகரக் கூரையின் இரைச்சலில் பாடம் காதில் விழாது. உடனே வாத்தியார் கையை உயர்த்துவார். வாய்ப்பாட்டை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லவேண்டும். அடுத்த தட்டிக்கு அப்பால் மூன்றாம் வகுப்பு ஆத்திசூடி சொல்லும். சிரியத்தில் மே முதல் அக்டோபர் வரை மழை. அத்தனை மாதமும் இப்படித்தான்.

கம்பெனியோ அரசாங்கமோ கட்டிக்கொடுத்த வகுப்பறைகள் இல்லை அவை. பிடியரிசிதான் அவற்றை எழுப்பியது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு கேலன் மண்ணெண்ணெய் டின்னைக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு லைன் லைனாகப் போவோம். அம்மா பானைக்குள் கைவிட்டு எடுக்கும்போது இரண்டு பிடியாகவே போடுவாள். மாசக் கடைசியிலும் அப்படித்தான். அந்த அரிசியை விற்ற காசில் இரங்கூனிலிருந்து லாஞ்சு ஏறி வரும் ஆசிரியருக்குச் சம்பளம், மீதியில் மூங்கில் தட்டி. என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். சம்பள நாளில் பள்ளிக்கான பணத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார், மளிகைக்கடை பாக்கி அதற்குப் பிறகுதான்.

தலைமையாசிரியர் ஐயா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வயது கேட்கமாட்டார், சான்றிதழ் கேட்கமாட்டார், ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். "நெருங்கி உட்காருங்கடா, இன்னொருத்தன் வரட்டும்" என்பார். இதனால் எங்கள் படிப்பின் தரம் கெட்டது என்று பின்னாளில் சிலர் குறைபட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. டெல்டாவில் துவந்தேப் பக்கமிருந்து வந்த ஒரு பையன், மீசை அரும்பிய வயதில் எங்களோடு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தான். பர்மியப் பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. முழங்கால் பெஞ்சுக்கு அடியில் அடங்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தே படித்தான். ஒரே ஆண்டில் அவன் வீட்டு லைனில் இருந்த கிழவர்களுக்கெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் ஆனான். கடிதத் தாளின் மடிப்பு ஓரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதுவான். அப்படி எழுத ஒரு பையனைப் பழக்கிய பள்ளியின் தரத்தில் என்ன குறை?

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1963 தொடக்கத்தில் எண்ணெய்த் தொழில் முழுக்க அரசாங்கத்துடையதானது. 1964-இல் கடைகளும் அரசாங்கத்தின் கைக்குப் போயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் கப்பலாக நம்மவர்கள் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் புறப்பட்டார்கள். 1965, 66-இல் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. பெஞ்சில் நெருங்கி உட்கார வேண்டிய அவசியம் சில மாதங்களுக்குள் இல்லாமல் போனது. பரீட்சைக்கு முன்பே பெயர் வெட்டப்பட்டவர்களில் அந்தக் கடிதம் எழுதும் பையனும் ஒருவன்.

சங்கத்துக்கு இதனால்தான் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் பட்டியல் தேர்ச்சிச் சான்றிதழை வைத்துத் தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஏழாவது தாண்டியவர்களும் இரங்கூனில் மேலே படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆறு மாதம், ஓராண்டு என்று படித்துவிட்டுக் கப்பலேறியவர்கள் இல்லை. பள்ளியை நிரப்பியவர்கள் அவர்கள்தான். பிடியரிசி டின்னைத் தூக்கியவர்களும் அவர்கள்தான். சென்னை பர்மா பஜாரிலும், மணிப்பூர் மோரேயிலும், இன்னும் சிரியத்திலேயும் அவர்களில் சிலர் இருக்கலாம். அவர்களிடம் சான்றிதழ் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எனக்கு நினைவிருக்கும் பெயர்களைத் தனித்தாளில் எழுதி மலர்க் குழுவுக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள். முழுப் பெயர் நினைவில் இல்லையென்றால் அப்பா ஆலையில் என்ன வேலை பார்த்தார், எந்த லைனில் குடியிருந்தார்கள் என்று எழுதினாலும் போதும்.