சீனாவின் புது ஐம்பதும் மாட்டுத்தாவணிச் சில்லறையும்

2019 ஆகஸ்ட் 30 அன்று சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி புது நோட்டுகளை வெளியிட்டது. 50, 20, 10, 1 யுவான் நோட்டுகள். கூடவே 1 யுவான், 5 ஜியாவ், 1 ஜியாவ் காசுகள். பத்து ஜியாவ் சேர்ந்தால் ஒரு யுவான். 5 யுவான் நோட்டு மட்டும் தனியாக 2020 நவம்பர் 5-இல் வந்தது. 100 யுவான் நோட்டை 2015-லேயே புதுப்பித்துவிட்டார்கள். ஆக, 2019-இல் மாற்றியது முழுக்கச் சின்னப் பணத்தை.

அதற்கு வெகு முன்பே அங்கே காய்கறி விற்பவர் வரைக்கும் கியூஆர் அட்டை தொங்கவிட்டாயிற்று. அலிபே, வீசாட் என்ற இரண்டு தனியார் செயலிகள்தான் பணப்பை. அப்படிப்பட்ட நாடு ஒரு யுவான் நோட்டுக்கும் காசுக்கும் ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? மதுரையில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி இது.

புது 50 யுவானைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் உள்ள 50 என்ற எண் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகும்; ஒரு ஒளிக்கோடு அதன் மேல் ஏறி இறங்கும். வலப்பக்க இழை சிவப்புக்கும் பச்சைக்கும் மாறும். வெளிச்சத்தில் பிடித்தால் மாவோவின் முகம் நீர்க்குறியாகத் தெரியும். நோட்டின் இரு பக்கமும் அழுக்குப் பிடிக்காத பூச்சு. 1 யுவான் காசின் விட்டம் 25 மி.மீ.யிலிருந்து 22.25 மி.மீ.யாகக் குறைந்தது. 5 ஜியாவ் காசு தங்க நிறத்தை விட்டு வெள்ளைக்கு மாறியது. கொஞ்ச நாளில் ஒழித்துவிடப் போகிற பணத்துக்கு யாரும் இந்தச் செலவு செய்ய மாட்டார்கள்.

சட்டத்தையும் விடவில்லை. சீன மக்கள் வங்கிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, நாட்டுக்குள் எந்தக் கடனுக்கும் ரென்மின்பியை, அதாவது சீன நாணயத்தைக் கொடுத்தால் யாரும் மறுக்கக் கூடாது என்கிறது. 2018 ஜூலையில் வங்கி இதை அறிவிப்பாகவே போட்டது: போர்டு வைத்தோ, நிபந்தனை எழுதியோ ரொக்கம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இணைய வணிகம், ஆளில்லாக் கடை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2020 நவம்பரில் ஹூபே மாகாணத்தின் சிகுயி மாவட்டத்தில், மழையில் வந்து மருத்துவக் காப்பீட்டுப் பணம் கட்ட நின்ற ஒரு மூதாட்டியிடம் ரொக்கம் வாங்க மறுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. அடுத்த மாதமே வங்கி மறுபடி அறிவிப்பு விட்டது. மறுத்த நிறுவனங்களுக்கு விதித்த அபராதத்தையும் வெளியிட்டது.

இது வெறும் கருணை இல்லை. அரசுக்கும் அதில் கணக்கு உண்டு. நாட்டின் பணப் போக்குவரத்து இரண்டு தனியார் நிறுவனங்களின் கைக்குப் போவதை பெய்ஜிங் விரும்பவில்லை. 2018 ஜூன் 30-க்குள் அவர்களின் பரிமாற்றங்கள் எல்லாம் பொதுத் தீர்வகம் (பணப் பரிமாற்றங்களைக் கணக்குத் தீர்க்கும் பொது அமைப்பு) வழியே போக வேண்டும் என்று ஆக்கியது. 2020-இல் ஷென்ஜென், சூஜோவ், சியோங்கான், செங்டூ ஊர்களில் மின்யுவான், அதாவது மத்திய வங்கியே வெளியிடும் மின்பணம், சோதனையாக ஓடியது. ஷென்ஜெனில் அந்த அக்டோபரில் குலுக்கல் போட்டு 50,000 பேருக்குத் தலா 200 யுவான் கொடுத்தார்கள். மின்யுவான் வந்தால் யார் எங்கே செலவழிக்கிறார்கள் என்பது அரசின் கண்ணுக்கு நேராகவே தெரியும். அதனால்தான் காகித நோட்டைக் காப்பாற்றும் விதியை நான் பெரிதாக மதிக்கிறேன்: யாருக்கும் கணக்குச் சொல்லாமல் கைமாறக்கூடியது அது ஒன்றுதான்.

நம் பக்கம் வருவோம். யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அந்த நவம்பர் 8-இல் 500, 1000 செல்லாது என்றார்கள். 2020 ஜனவரி முதல் யுபிஐ வாங்குகிற வியாபாரிக்குக் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதிப் பரிமாற்றம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியேதான் போகிறது. மொத்தப் பரிமாற்றத்தில் ஒரு செயலிக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு என்ற விதியின் கெடு 2026 டிசம்பர் 31 வரை தள்ளிப் போயிருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி மல்லியைக் கிலோ கணக்கில் எடுக்கிறவருக்குக் கமிஷன் கடையில் ஜிபே நடக்கும். ஆனால் கட்டுகிற பெண்களுக்குக் கூலி, சுமைக்கூலி, நார், ஷேர் ஆட்டோ, டீ எல்லாம் பத்தும் இருபதுமாகப் போகிற பணம். முழம் வாங்குகிறவர்கள் போனில் அனுப்பிவிடுவதால் அந்தச் சில்லறை பூ வியாபாரியின் கைக்கு வருவதே இல்லை. ஏடிஎம்மில் எடுத்தால் ஐந்நூறு நோட்டாக வருகிறது. அதை உடைக்க டீக்கடையில் நின்றால் அங்கேயும் எல்லாம் ஸ்கேன். ரொக்கம் இப்படித்தான் கீழ்முனையிலிருந்து காய்கிறது. யாரும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2025 செப்டம்பர் 30-க்குள் 75 சதவீத ஏடிஎம்களிலும், 2026 மார்ச் 31-க்குள் 90 சதவீத ஏடிஎம்களிலும் குறைந்தது ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 நோட்டு இருக்க வேண்டும். பத்து, இருபதுக்கு இது போதாது என்றாலும் கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

அடுத்தது நம் ஊரின் தனி வியாதி. "பத்து ரூபா காயின் ஓடாதுண்ணே." பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு கதை. ரூபாய்க் குறி 2011-இல்தான் காசுகளில் வந்தது. அதற்கு முந்தையதில் இருக்காது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான காசுகளை ஒரே தடவையில் 1000 ரூபாய் வரை கொடுக்கலாம். 50 பைசா என்றால் 10 ரூபாய் வரை. காசு சேர்ந்துவிட்டால் வங்கியில் கட்டுங்கள். ஒன்று, இரண்டு ரூபாய்க் காசுகளை நூறு நூறாக பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்கும் எண்ணுவது சுலபம்.

பூ மார்க்கெட்டில் நோட்டு ஈரத்தில் ஊறிக் கிழியும். கமிஷன் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறவர்களிடம் போவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 20 ரூபாய் வரையான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. இல்லையென்றால் ஒன்றும் இல்லை. 50-க்கும் அதற்கு மேலும், கிழியாமல் ஒட்டியிருக்கிற மிகப் பெரிய துண்டைத்தான் அளப்பார்கள். அது 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை பாதிப்பணம், அதற்கும் கீழே போனால் கிடையாது. ஐந்நூறு நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், பரப்பு 99 சதுர செ.மீ. முழுப்பணத்துக்கு ஏறக்குறைய 80 சதுர செ.மீ. ஒரே துண்டாக வேண்டும். ஆகவே நான்கு துண்டாகக் கிழிந்ததை டேப் போட்டு ஒட்டினால் முழு நோட்டாகிவிடாது. நிறம் போட்ட டேப் ஒட்டினால் எண்ணும் நீர்க்குறியும் மறைந்து வேலை இன்னும் கெடும். கருகியதும், பிரிக்க முடியாமல் ஒட்டிப்போனதும் கிளையில் மாறாது. ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

மின்பணப் பக்கமும் பள்ளம் உண்டு. எங்கோ மோசடியில் போன பணத்தின் ஒரு பகுதி உங்கள் கியூஆர் வழியே வந்திருந்தால் கணக்கு முடங்கலாம். நாற்பது ரூபாய்க்குப் பூ விற்றவருக்கும் இது நேர்கிறது. முதலில் கிளையில் கேட்டு, எந்தப் பரிமாற்றம், எந்த ஊர்ப் போலீஸ், என்ன புகார் எண் என்று எழுத்தில் வாங்குங்கள். கணக்கு முழுவதையும் அல்ல, தகராறான தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி எழுதிக் கொடுங்கள். வியாபாரக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியாக வைத்திருந்தால் அன்றைக்கு அடுப்பாவது எரியும்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருக் கடைகளில் கியூஆரைக் கழற்றி "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். வரி கட்ட வேண்டியவர் கட்டட்டும். ஆனால் பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் என்பதும், பச்சைக் காய்கறிக்கு வரி விலக்கு என்பதும் வரவுத் தொகையை மட்டும் பார்த்தால் தெரியாது. விற்ற பொருளின் கொள்முதல் சீட்டுகளைக் கட்டி வைப்பதுதான் பதில்.

கிளையில் காசோ கிழிந்த நோட்டோ வாங்க மறுத்தால் முதல் புகாரை வங்கிக்கே எழுதி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு இல்லை, வக்கீலும் வேண்டாம். கிளையின் பெயர், தேதி, எத்தனை காசு அல்லது எந்த நோட்டு, காசாளர் என்ன காரணம் சொன்னார் என்ற நான்கும் புகாரில் இருக்கட்டும்.