பூட்டிய வீடு

ஜூலை 3, வியாழன்
எண்ணூர் திட்டத்தின் இழப்பீட்டுப் பட்டியலில் பெண்கள் விடுபட்டிருப்பதாக எழுதியதற்கு டீம் லீடரிடமிருந்து பதில் இல்லை.

ஜூலை 4, வெள்ளி
இன்றும் இல்லை. கணக்கெடுப்புத் தாள்களை மறுபடி புரட்டினேன். பூட்டிய வீடு. பூட்டிய வீடு. பையன்கள் காலை பத்து மணிக்கு டேப்லெட்டோடு போயிருக்கிறார்கள். கழிமுகத்தில் தண்ணீர் வற்றிய நேரம் அது. பெண்கள் இடுப்பளவு சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருப்பார்கள், வீட்டில் யார் இருப்பார்கள்?

கணக்கெடுப்பு தொடங்கிய நாள்தான் கட்-ஆஃப் தேதி, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு இழப்பீடு இல்லை. இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டு புதிதாகக் குடிசை போடுகிறவர்களைத் தடுக்க வந்த விதி. நியாயமானதுதான். முன்பே இருந்தவர் பெயர் விட்டுப்போனால் சேர்க்கவும் வழியுண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. படகு இருந்தால் பதிவு எண் காட்டலாம். வெறுங்கையால் பிடிப்பதற்கு என்ன ரசீது?

ஜூலை 6, ஞாயிறு
வீட்டுக்காரர் வாடகை கேட்டார். செவ்வாய்க்குள் என்றேன், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. என் சம்பளத்தின் கடைசித் தவணை, அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். ஏற்க வேண்டியது ஆலோசகர்களாக எங்களை வேலைக்கு எடுத்த துறையேதான். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பவனே மார்க்கும் வாங்குகிற கதை. அந்தச் சம்பளமும் திட்டத்துக்கு வங்கி கொடுத்த கடன் பணத்திலிருந்து. கடனை அடைக்கப்போவது எல்லோருடைய வரியும், பட்டியலில் இல்லாத அந்தப் பெண்கள் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரி உட்பட.

ஜூலை 9, புதன்
தூக்கம் வராமல் நர்மதை விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சர்தார் சரோவர் அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கியே அதன் பாதிப்புகளை ஆராய மோர்ஸ் குழுவை அமைத்தது. வங்கி பின்வாங்க வேண்டும் என்று 1992-இல் அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியாவே சொல்லிவிட்டது. அணை எப்படியும் எழும்பியது. அதே 1993-இல் வங்கி இன்ஸ்பெக்‌ஷன் பேனல் என்று ஒன்றை வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், மனு போடலாம். ஆனால் வங்கி தன் விதிகளைத் தானே மதித்ததா என்பதைத்தான் அது விசாரிக்கும். அறிக்கை எழுதிய ஆலோசகரை அங்கே நிறுத்திக் கேட்க முடியாது. அவர் அதற்குள் வேறொரு நாட்டில், வேறொரு அணையில் இருப்பார்.

வக்கீல் தப்பு செய்தால் பார் கவுன்சில் இருக்கிறது. நாங்கள்?

ஜூலை 10, வியாழன்
எண்ணூர் போனேன். லாரி வரிசையில் ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“எய்திக்கினு போனியேம்மா, எங்க பேரு அதுல இருக்குதா?”

“கூட்டத்துக்கு வந்தீங்களாக்கா?”

“வந்தேனே. ரேகை வெச்சேன், டீயும் சமோசாவும் குட்த்தாங்க. மைக்கு ஆம்பளைங்க கைலியே சுத்திச்சு. நாங்க எப்போ பேசுறது?”

அந்த ரேகை இப்போது அறிக்கையின் பின்னால் ஒட்டியிருக்கிறது. மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்பதற்குச் சான்றாக.

சமோசா.

ஜூலை 11, வெள்ளி
புழுக்கம். ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
விலகிவிடு என்கிறான் நண்பன். மானஸ்தி என்று பேர் கிடைக்கும். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடுவார். பூட்டிய வீடுகள் அப்படியே இருக்கும். விலகுவதில் எனக்கு மட்டும்தான் லாபம்.

வேண்டியது இன்னொரு கணக்கெடுப்பு. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, பெண்களை அனுப்பி. நெதர்லாந்திலிருந்து டீம் லீடர் ஒருமுறை வந்துபோகும் டிக்கெட் காசில் முடிந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்
பதில் வந்துவிட்டது. மிக முக்கியமான தகவலாம், நன்றியாம், பின்னிணைப்பில் சேர்க்கலாமாம். பின்னிணைப்பில் இருப்பவளுக்கு இழப்பீடு கிடையாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் பக்கம் வெள்ளிக்குள் வேண்டும்.

விடுபட்டவர்களைச் சேர்க்கும் வரை கையெழுத்து இல்லை என்று எழுதினேன். நகல் வரிசையில், கடன் கொடுத்த வங்கியின் சமூகப் பாதுகாப்பு அதிகாரி பெயரைப் போட்டேன். எடுத்தேன். வாடகை ஞாபகம் வந்தது. மறுபடி போட்டேன்.