செயற்கைக்கோள் செய்யுமுன் அலைவரிசை கேளுங்கள்

காரைக்குடிப் பக்கக் கல்லூரிகளில் 10 செ.மீ. கனசதுரச் செயற்கைக்கோள் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது. விண்வெளிக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. 2017 மசோதா வரைவோடு நின்றது. 2023 விண்வெளிக் கொள்கையும், தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் 2024-இல் வெளியிட்ட விதிமுறைகளும்தான் இப்போது கைவசம்.

ராக்கெட் வெளிநாட்டுடையது என்றாலும் இன்-ஸ்பேஸ் அனுமதி வேண்டும். இழுத்தடிப்பது அலைவரிசைதான். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசையைக் கவனிக்கும் டெல்லி டபிள்யூபிசி பிரிவு மூலம், ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வில் பதிய வேண்டும். பயன்பாட்டுக்கு 2 ஆண்டு முன்பே கொடுப்பது நல்லது என்கிறது ஐடியு விதி. சுற்றுப்பாதை உயரம், அதன் சாய்வு, அதிர்வெண் மூன்றும் ஐந்தொகைபோல எல்லாத் தாளிலும் ஒத்துப்போகட்டும். ஏவுபவர் கடைசியில் சுற்றுப்பாதையை மாற்றினால் தாள்களும் மாறவேண்டும், பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

செயற்கைக்கோள் தரையில் விழுந்து யாருக்காவது சேதமானால், விண்வெளிச் சேதப் பொறுப்பு பற்றிய 1972 பன்னாட்டு உடன்படிக்கைப்படி தவறே இல்லாவிட்டாலும் ஏவிய நாடு ஈடு கட்ட வேண்டும். காப்பீட்டுப் பேச்சு வருவது அதனால்தான்.