ஃபெலிக்ஸின் பக்கம்: ‘தி லாஸ்ட் ஏஜ்’ ஆட்டத்தை ஒருவழியாக முடித்தேன்

கேம்லாட் நிறுவனம் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவிக்காக உருவாக்கிய ‘கோல்டன் சன்’ 2001இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான ‘தி லாஸ்ட் ஏஜ்’ ஜப்பானில் 2002இலும் வட அமெரிக்காவில் 2003இலும் வந்தது. முதல் ஆட்டத்தைச் சிறுவயதிலேயே முடித்துவிட்ட நான், இரண்டாவதைப் பாதிக் கடலில் நிறுத்திவிட்டு வளர்ந்துவிட்டேன். இப்போது அதை இறுதிவரை ஆடி முடித்திருக்கிறேன். முடித்த பிறகு தோன்றியது இதுதான்: இரண்டாம் ஆட்டம் முதல் ஆட்டத்தின் கதையை நீட்டிச் செல்வதற்காக எழுதப்பட்டதல்ல, முதல் ஆட்டம் நம்மை நம்பவைத்த ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டது. அதை விளக்க வேண்டுமானால் முடிவைப் பற்றியும் பேசியாக வேண்டும். இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, ஆடி முடித்த பிறகு வரலாம்.

முதல் ஆட்டத்தில் நாம் ஐசக். வேயார்டு என்ற உலகில் ரசவாதத்தின் ஆற்றல் முன்னொரு காலத்தில் முத்திரையிட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கு பூதங்களுக்கும் உரிய நான்கு கலங்கரை விளக்கங்களையும் ஏற்றிவிட்டால் அந்த ஆற்றல் விடுபடும். விடுபட்டால் உலகம் அழியும் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. சாட்டுரோஸ், மெனார்டி என்ற இருவர் விளக்கங்களை ஏற்றப் புறப்படுகிறார்கள். நாம் அவர்களைத் துரத்துகிறோம். அவர்களோடு சேர்ந்து செல்பவன் ஃபெலிக்ஸ். நம் கிராமத்தைச் சேர்ந்தவன், வெள்ளத்தில் இறந்துவிட்டதாக எல்லோரும் எண்ணியிருந்தவன், நம் தோழி ஜென்னாவின் அண்ணன். இத்தனையும் தெரிந்திருந்தும், ஆட்டம் முழுவதும் அவனை எதிரியின் பக்கத்தில் நிற்பவனாகவே பார்த்தேன். அப்படிப் பார்க்கும்படிதான் கதையும் சொல்லப்படுகிறது.

இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கியதும் ஐசக் இல்லை. நாம்தான் ஃபெலிக்ஸ். மீதமிருக்கும் விளக்கங்களை ஏற்றுவதுதான் இப்போது நம் வேலை. சிறுவயதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. நான் வளர்த்த நால்வர் எங்கோ இருக்க, நான் தடுக்க முயன்ற ஒருவனை நானே நடத்திச் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஆடும்போது இன்னொன்றையும் கவனித்தேன். இவ்வகை ஆட்டங்களில் நாம் இயக்கும் நாயகன் பெரும்பாலும் பேசமாட்டான். நம்மிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகள் மட்டுமே இருக்கும். முதல் ஆட்டத்தில் ஐசக் வாய் திறப்பதில்லை, ஃபெலிக்ஸ் பேசுகிறான். இரண்டாம் ஆட்டத்தில் ஃபெலிக்ஸ் மௌனமாகிவிடுகிறான், பின்னால் நம்மைச் சந்திக்கும் ஐசக் பேசுகிறான். முன்பு நானாக இருந்தவன் என் எதிரில் நின்று தன் சொற்களில் பேசிய அந்தக் காட்சியில், ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று எங்கே நின்றுபோனேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. கப்பல் கிடைத்த பிறகு கிழக்குக் கடல் முழுவதும் திறந்துவிடுகிறது. கடலுக்கு நடுவே இருக்கும் லெமூரியா என்ற நாட்டுக்குள் நுழைய வேண்டுமானால் வழிமறிக்கும் பொசைடன் என்ற எதிரியை வெல்ல வேண்டும். அதற்கு ஒரு திரிசூலம் வேண்டும். அந்தத் திரிசூலத்தின் மூன்று முனைகளும் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்து சேர வேண்டும். சேர்ந்த பிறகு சாம்பா என்ற ஊரில் இருக்கும் ஒரு மூதாட்டி அவற்றை ஒன்றாக வார்த்துத் தர வேண்டும். ‘அடுத்து இங்கே போ’ என்று சொல்லும் அம்புக்குறி எதுவும் இல்லை. ஊர்களில் யாரோ ஒருவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரிதான் குறிப்பு. அந்த வரிகளைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுமை அந்த வயதுக்கு வாய்க்கவில்லை. லெமூரியாவுக்கு முன்பாகவே நின்றுவிட்டதால், கதையின் திருப்பம் எனக்குத் தெரியாமலேயே போனது. ஃபெலிக்ஸ் தவறான பக்கத்தில் நின்றவன் என்ற எண்ணத்தோடுதான் இத்தனை ஆண்டுகளும் கழிந்தன.

2024 ஜனவரியில் இரண்டு ஆட்டங்களும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் சந்தா சேவைக்கு வந்தன. அதில் நினைத்த இடத்தில் நிலையைச் சேமிக்கலாம். தவறிப்போன சில நொடிகளைப் பின்னோக்கிச் சுருட்டித் திருத்தவும் செய்யலாம். சேமிக்கும் வசதியைப் பயன்படுத்தினேன், சுருட்டும் வசதியைத் தொடவில்லை. வேலை முடிந்து கிடைக்கும் சிறு நேரங்களில் ஆடுகிறவர்களுக்கு முதல் வசதி பெரிய உதவி. இரண்டாவதோ சண்டையின் கனத்தையே எடுத்துவிடுகிறது. தோல்விக்கு விலை இல்லாவிட்டால், இந்த ஆட்டத்தின் போர்முறை இவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. முதல் ஆட்டத்தை முடித்தவர்கள் தங்கள் குழுவின் நிலை, பொருள்கள், ஜின்கள் (குழுவுக்கு வலுவூட்டும் சிறு உயிர்கள்) ஆகியவற்றை இரண்டாம் ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு கருவிகளையும் இணைப்பு வடத்தால் சேர்த்துச் செய்யலாம். இல்லையென்றால் கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு மறுபடி உள்ளிடலாம். கடவுச்சொல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரங்களில் கிடைக்கும். வெண்கலம் 16 எழுத்து, வெள்ளி 61, தங்கம் 260. எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோவது தங்கம் மட்டும்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு என்று கலந்து வரும் அந்த 260 எழுத்துகளையும் சிறுவயதில் ஒரு கோடு போட்ட நோட்டில், பத்துப் பத்தாகப் பிரித்து எழுதி வைத்திருந்தேன். நோட்டு பத்திரமாக இருந்தது. ஆனால் சில எழுத்துகள் பெரியவையா சிறியவையா என்று கையெழுத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஓர் எழுத்து மாறினாலும் ஆட்டம் ஏற்பதில்லை. ஐயமான இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் அது ஏற்றுக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு இந்த ஆட்டத்தின் எந்த வெற்றியும் ஈடாகாது. அன்று நான் வளர்த்த ஐசக், காரெட், ஐவன், மியா ஆகிய நால்வரும், அன்று நான் அணிவித்த கவசங்களோடு, இந்தக் கதைக்குள் எங்கோ என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு மறுபடி தொடங்கினேன்.

இந்த முறை ஊர்களில் யாரையும் விட்டுவைக்காமல் பேசினேன். ஃபெலிக்ஸின் குழுவில் இருக்கும் ஷீபாவுக்கு மனத்தைப் படிக்கும் ஆற்றல் உண்டு. ஒருவர் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு, மனத்தில் நினைப்பதையும் படிக்கலாம். கடலைத் திறந்துவிடும் குறிப்புகளில் பல இப்படித்தான் கிடைத்தன. ஏர்ஸ் ராக் என்ற பாறைக்குள் இருக்கும் நீண்ட சிக்கலறைகளை, காற்றை வீசி வழிதிறக்கும் அந்தக் கற்களை, தாளில் வரைபடம் போட்டுக்கொண்டு கடந்தேன். அந்தப் பாறை தேவைக்கு மேல் நீளமானது என்று பலர் சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதன் முடிவில் கிடைக்கும் ‘ரிவீல்’ என்ற ஆற்றல், கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தன் வட்டத்துக்குள் காட்டித்தருகிறது. அதைப் பெற்ற பிறகு, ஏற்கெனவே போய்வந்த ஊர்களுக்கெல்லாம் மறுபடி போகத் தோன்றியது. போனேன்.

லெமூரியாவில் ஹைட்ராஸ் அரசர் சொல்வதைக் கேட்ட பிறகு ஆட்டமே வேறாகிவிடுகிறது. வேயார்டு தட்டையான உலகம். அதன் விளிம்பில் கடல் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. ரசவாதத்தின் ஆற்றல்தான் அந்த உலகத்துக்கு ஊட்டம். அதை அடைத்துவிட்டதால் விளிம்பு அரித்து அரித்து உலகம் சுருங்கிக்கொண்டே வருகிறது. விளக்கங்களை ஏற்றினால் மனிதர் கையில் பேராற்றல் சேர்ந்து அழிவு வரலாம். ஏற்றாவிட்டால் அழிவு உறுதி. முதல் ஆட்டம் முழுவதும் நான் ஐசக்காக ஓடி ஓடித் தடுக்க முயன்றது, உலகம் பிழைத்திருக்க நடந்தே தீர வேண்டிய ஒன்றை. அந்த உண்மையை வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு. எதிர்ப்பக்கத்தில் இவ்வளவு தூரம் நடந்து வந்த பிறகு தெரிந்துகொள்வது வேறு. ஆட்ட வடிவத்துக்கு மட்டுமே உரிய இந்த வழியில் கதை சொன்ன ஆட்டங்கள் நான் ஆடியவற்றில் மிகக் குறைவு.

காற்றுக்கு உரிய ஜூபிடர் விளக்கத்தில் ஐசக்கின் குழு பொறியில் சிக்கிக்கொள்கிறது. ஃபெலிக்ஸ் போய்க் காப்பாற்றுகிறான். பின்பு கொன்டிகோ என்ற ஊரில் எண்மரும் ஒரே அறையில் கூடிப் பேசுகிறார்கள். நோட்டிலிருந்து நான் உள்ளிட்ட நால்வர் அங்கேதான் என் கைக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு சண்டையில் முன்வரிசையில் நால்வர், பின்வரிசையில் நால்வர். நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் போர்முறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜின்கள் மொத்தம் 72. முதல் ஆட்டத்தில் 28, இரண்டாவதில் 44. ஆளுக்கு ஒன்பது வரை. ஒரு ஜின்னை ஒருவர்மீது பொருத்தினால் அவர் வலுப்பெறுவார். எந்தப் பூதத்தின் ஜின் என்பதைப் பொறுத்து அவருடைய வகுப்பும் மந்திரங்களும் மாறும். அந்த ஜின்னைச் சண்டையில் பயன்படுத்தினால் அது காத்திருப்பு நிலைக்குப் போகும், அவர் வலுவிழப்பார். காத்திருக்கும் ஜின்களைச் சேர்த்துத்தான் பெருந்தெய்வங்களை அழைக்க முடியும். அழைத்த பிறகு அந்த ஜின்கள் மீண்டு வரச் சில சுற்றுகள் ஆகும். ஆகவே மிகப் பெரிய அடியைக் கொடுக்கும் கணமே நாம் மிகவும் பலவீனமாக இருக்கும் கணமும் ஆகிறது. சிறுவயதில் அழைப்புகளின் படக்காட்சிக்காகவே அழைத்துக்கொண்டிருந்தேன். இப்போது, ஒரு பெரிய அழைப்புக்கு முன் யாரைப் பின்வரிசைக்கு அனுப்புவது என்று யோசிப்பதிலேயே சுகம் கண்டேன். மோட்டோய் சகுரபாவின் இசை அந்த யோசனைக்கு நேரம் கொடுக்காமல் துரத்தும். அதுவும் ஒரு சுகம்தான்.

வடக்கில், உலகத்தின் விளிம்பில், பனியில் மூழ்கிக்கொண்டிருக்கும் பிராக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. சாட்டுரோஸும் மெனார்டியும் இந்த ஊர்க்காரர்கள். உலகம் சுருங்கும்போது முதலில் விழப்போவது இந்த ஊர்தான் என்பதை அங்கே போய்ப் பார்க்கும்போதுதான், முதல் ஆட்டத்தில் அவர்களை வீழ்த்திவிட்டுக் கொண்டாடியதன் பொருள் விளங்குகிறது. ஃபெலிக்ஸின் பெற்றோரும் ஐசக்கின் தந்தையும் உயிரோடு பிராக்ஸ்காரர்களின் கையில் இருந்தார்கள் என்பதும், ஃபெலிக்ஸ் இவ்வளவு தூரம் வாய் பேசாமல் நடந்ததற்கு அதுவே காரணம் என்பதும் அந்தக் குளிருக்கு நடுவே கனமாக வந்து இறங்குகிறது.

நெருப்புக்கு உரிய மார்ஸ் விளக்கத்தின் உச்சியில் எதிர்ப்படுவது மூன்று தலை டிராகன். கடினமான சண்டை. வீழ்த்திய பிறகுதான், அந்த மூன்று தலைகளும் யார் என்பது தெரிகிறது: எவரை மீட்கப் புறப்பட்டார்களோ அந்த மூன்று பெற்றோரும்தான். விளக்கம் ஏற்றப்பட்டதும் விடுபட்ட ஆற்றலால் அவர்கள் உயிர் பிழைக்கிறார்கள். இந்த மீட்சி எளிதாக வந்துவிட்டது என்று குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பெற்றோரைத் தங்கள் கையால் வீழ்த்திய பிறகும், விளக்கை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்து ஏற்றுகிறார்கள். அவர்கள் பிழைப்பார்கள் என்பது தெரிந்து ஏற்றவில்லை. இதைச் சிறுவயதில் ஆடி முடித்திருந்தால் டிராகனின் வடிவம்தான் நினைவில் நின்றிருக்கும். என் பெற்றோருக்கு வயதாகிவிட்ட காலத்தில் இதைப் பார்க்க நேர்ந்ததால், பொத்தானை அழுத்தி அடுத்த உரையாடலுக்குப் போக எனக்கு நேரம் பிடித்தது.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அனீமோஸ் கோயிலின் உள்ளறையில் துல்லாஹன் என்ற எதிரி காத்திருக்கிறான். இறுதி டிராகனைவிடக் கடுமையானவன் என்கிறார்கள். 72 ஜின்களும் கையில் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். இரண்டாம் ஆட்டத்தின் 44 ஜின்களையும் சேர்த்துவிட்டேன். நோட்டிலிருந்து வந்த குழுவிலோ 28 முழுமையாக இல்லை. சிறுவயதில் சில ஜின்களைக் கண்டுபிடிக்காமலேயே முதல் ஆட்டத்தை முடித்திருக்கிறேன். இனி அவற்றைப் பெற வேண்டுமானால் முதல் ஆட்டத்தை மறுபடி ஆடி, புதிய தங்கக் கடவுச்சொல்லை எடுத்து, இரண்டாவதையும் மறுபடி தொடங்க வேண்டும். ஐசக்கோடு சேர்ந்து சாட்டுரோஸைத் துரத்தத் தொடங்கிவிட்டேன். பிராக்ஸ் எங்கே இருக்கிறது என்று இந்த முறை எனக்குத் தெரியும்; ஐசக்குக்குத்தான் இன்னும் தெரியாது.